பதினைந்து கிலோவும் ரத்தச் சர்க்கரையும்: டைரக்ட் ஆய்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

2017 டிசம்பர் 5 அன்று அபுதாபியில் நடந்த சர்வதேச நீரிழிவு மாநாட்டில் ஒரு ஆய்வின் முடிவு வெளியானது. அதே நாளில் லான்செட் மருத்துவ இதழிலும் வந்தது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ள 149 பேருக்குச் சர்க்கரை மாத்திரைகள் அனைத்தையும் முதல் நாளே நிறுத்திவிட்டு, உணவின் மூலம் மட்டும் எடையைக் குறைக்க வைத்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 68 பேருக்கு, அதாவது 46 சதவீதத்தினருக்கு, மாத்திரையே இல்லாமல் சர்க்கரை அளவு நோயின் எல்லைக்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்த இன்னொரு 149 பேரில் அந்த நிலைக்கு வந்தவர்கள் 6 பேர்.

அந்த ஆய்வின் பெயர் டைரக்ட். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லரும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மைக் லீனும் சேர்ந்து நடத்தியது. டயாபடீஸ் யுகே என்ற தொண்டு அமைப்பு இதற்குப் பணம் கொடுத்தது.

உடல் எடைக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள இந்த ஒரு ஆய்வை முழுதாகப் படித்தால் போதும் என்று நினைக்கிறேன். எடை கூடினால் சர்க்கரை கூடும் என்பது எல்லோரும் கேட்டுப் பழகிய வரிதான். ஆனால் அது பலரிடம் ஒரு குற்றச்சாட்டாகத்தான் போய்ச் சேருகிறது. குண்டாக இருப்பவர் தன் மீதே பழியைப் போட்டுக்கொள்கிறார். ஒல்லியாக இருப்பவர் தனக்கு வராது என்று பரிசோதனைக்கே போவதில்லை. எவ்வளவு எடை, உடலின் எந்த இடத்தில், யாருக்கு, எத்தனை வருடத்துக்குள் என்று கேட்டால்தான் அந்த வரிக்குப் பொருள் கிடைக்கும். டைரக்ட் ஆய்வும் அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆய்வுகளும் இந்தக் கேள்விகளுக்கு எண்ணோடு பதில் தருகின்றன.

வந்தால் போகாது என்ற நம்பிக்கை

டைப் 2 சர்க்கரை நோய் வந்தால் போகாது, வருடம் ஏற ஏறக் கூடத்தான் செய்யும் என்பது பல பத்தாண்டுகளாக மருத்துவர்களின் உறுதியான கருத்து. அது வெறும் நம்பிக்கை இல்லை, ஆதாரம் இருந்தது. 1977இல் பிரிட்டனில் தொடங்கிய யுகேபிடிஎஸ் என்ற பெரிய ஆய்வில், நோய் கண்டுபிடிக்கப்படும் நேரத்திலேயே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் திறன் ஏறக்குறையப் பாதியாகிவிட்டிருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகும் அது வருடாவருடம் சரிந்தது. ஒரு மாத்திரை, அப்புறம் இரண்டு, பிறகு மூன்று, கடைசியில் ஊசி என்று சிகிச்சை ஒரே திசையில் போவதற்கு இதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

இந்தக் கருத்தில் முதல் கீறல் விழுந்தது அறுவை சிகிச்சைக் கூடத்தில். அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் வால்டர் போரீஸ், அதீத உடல் பருமனுக்காக இரைப்பை மாற்றுவழி அறுவை செய்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1995இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் டைப் 2 சர்க்கரை நோய் இருந்தவர்கள் 146 பேர். அந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பி அப்படியே நின்றது. அதைவிட ஆச்சரியம், பலருக்கு அறுவை முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கியிருந்தது. உடல் எடை பெரிதாகக் குறைவதற்கு முன்பே!

குடலின் பாதை மாறியதால் அங்கே சுரக்கும் ஹார்மோன்கள் மாறிவிட்டன, அதனால்தான் சர்க்கரை இறங்கியது என்று பலர் விளக்கம் சொன்னார்கள். ராய் டெய்லர் அதைவிட எளிமையான ஒன்றைக் கவனித்தார். இந்த அறுவை நடந்தவர்கள் அடுத்த சில வாரங்களுக்குக் கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிட முடியாது. அப்படியானால் வேலை செய்தது கத்தியா, பட்டினியா? அறுவை இல்லாமல் உணவை மட்டும் அதே அளவுக்குக் குறைத்தால் என்ன ஆகும்?

2011இல் வெளியான அவருடைய ஆய்வில் இருந்தவர்கள் 11 பேர்தான். எல்லோருக்கும் டைப் 2 சர்க்கரை நோய். எட்டு வாரங்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி மட்டும். மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. கல்லீரலிலும் கணையத்திலும் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதை எம்ஆர்ஐ ஸ்கேன் மூலம் திரும்பத் திரும்ப அளந்தார்கள். முதல் வாரம் முடிந்தபோதே வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 166 மில்லிகிராமிலிருந்து 106க்கு வந்துவிட்டது. எட்டாவது வார முடிவில் எடை சராசரியாக 15 கிலோ குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் அறுவை கத்தி இல்லாமலே இது நடக்கும் என்று காட்ட 11 பேர் போதுமானவர்களாக இருந்தார்கள்.

எடைக்கும் சர்க்கரைக்கும் நடுவில் இருக்கும் இரண்டு உறுப்புகள்

எடை எப்படிச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நாம் செலவு செய்வதைவிட அதிகமாகச் சாப்பிடும் சக்தியை உடல் கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. அதற்கென உள்ள பாதுகாப்பான இடம் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசு. அங்கே சேரும்வரை பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் அந்த இடத்தின் கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும். வீட்டுப் பரண் நிறைந்த பிறகு சாமான்கள் நடக்கிற வழிக்கு வந்துவிடுவது போல, மிச்சக் கொழுப்பு இருக்கக் கூடாத உறுப்புகளுக்குள் போய்ச் சேருகிறது. முதலில் மாட்டிக்கொள்வது கல்லீரல்.

கல்லீரலுக்கு ஒரு முக்கியமான இரவு வேலை உண்டு. நாம் சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் தேவையான குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விடுவது. எவ்வளவு விடலாம் என்று கட்டுப்படுத்துவது இன்சுலின். கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினின் கட்டளைக்குச் சரியாகப் பணிவதில்லை. அதனால் தேவைக்கு மேல் குளுக்கோஸ் வெளியே வருகிறது. இரவு சாப்பிடாமலே படுத்தாலும் காலையில் சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று குழம்புகிறவர்கள் உண்டு. அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கு தட்டிலிருந்து வந்ததல்ல, கல்லீரலிலிருந்து வந்தது.

ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் கணையம் அதைச் சமாளிக்க இன்னும் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் அதிகமாக இருந்தால் கல்லீரல் மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றுவதும் அதிகமாகும். கல்லீரலில் கொழுப்பு மேலும் ஏறும், இன்சுலினுக்குப் பணிவது மேலும் குறையும். இது முதல் சுழல். நிறைந்த கல்லீரல் தன்னிடமுள்ள கொழுப்பை டிரைகிளிசரைடாக ரத்தத்தில் அனுப்புகிறது. அது கணையத்திலும் போய்ப் படிகிறது. கொழுப்பு சூழ்ந்த பீட்டா செல்கள், சாப்பிட்டவுடன் சட்டென்று இன்சுலின் சுரக்கும் திறனை மெல்ல இழக்கின்றன. சாப்பாட்டுக்குப் பிறகான சர்க்கரை இறங்க நேரமாகிறது, கணையம் இன்னும் திணறுகிறது. இது இரண்டாவது சுழல். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டே பல வருடங்கள் ஓடுகின்றன. ஒரு கட்டத்தில் பரிசோதனைத் தாளில், வெறும் வயிற்றுச் சர்க்கரையில் நோயின் எல்லையான 126ஐத் தாண்டிய எண் வந்து நிற்கிறது.

டெய்லர் இந்தக் கருத்தை 2008இலேயே முன்வைத்துவிட்டார். 2011 ஆய்வின் ஸ்கேன்கள் அதைச் சோதித்துப் பார்த்தன. முதல் வாரத்திலேயே கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது, அதனால்தான் வெறும் வயிற்றுச் சர்க்கரை அவ்வளவு சீக்கிரம் இறங்கியது. எட்டு வாரத்தில் கல்லீரல் கொழுப்பின் பங்கு 12.8 சதவீதத்திலிருந்து 2.9 சதவீதத்துக்கு வந்தது. கணையம் அவ்வளவு அவசரப்படவில்லை. அதிலுள்ள கொழுப்பு மெல்லக் குறைய, உடனடி இன்சுலின் சுரப்பும் மெல்ல மீண்டு எட்டாவது வாரத்தில் சர்க்கரை நோய் இல்லாதவர்களின் அளவை நெருங்கியது. செத்துவிட்டதாக நினைத்த பீட்டா செல்களில் ஒரு பகுதி செத்திருக்கவில்லை, செயலிழந்து மட்டும் இருந்திருக்கிறது.

பிறகு நடந்த இன்னொரு ஆய்வில் கணையத்திலிருந்து வெளியேறிய கொழுப்பைக் கணக்கிட்டார்கள். ஒரு கிராமுக்கும் குறைவு. அந்த ஒரு கிராம் வெளியேற உடல் முழுவதிலும் பல கிலோ குறைய வேண்டியிருக்கிறது. கணையத்தை மட்டும் தனியாக இளைக்க வைக்க வழியில்லை.

டைரக்ட்: எப்படி நடத்தினார்கள்

11 பேரை ஆய்வகத்தில் வைத்துச் செய்தது வேறு, ஊரில் உள்ள சாதாரண மருத்துவமனையில் செய்வது வேறு. அந்த இடைவெளியைக் கடக்கத்தான் டைரக்ட். ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் உள்ள 49 குடும்ப மருத்துவர் நிலையங்கள் பங்கெடுத்தன. 2014 முதல் 2016 வரை ஆட்களைச் சேர்த்தார்கள். வயது 20 முதல் 65 வரை, நோய் தெரிந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் அளவு) 27 முதல் 45 வரை, இன்சுலின் ஊசி போடுகிறவராக இருக்கக் கூடாது. சேர்ந்தவர்களின் சராசரி எடை சுமார் 100 கிலோ.

முதல் கட்டத்தில் வழக்கமான உணவு முழுவதும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக, தேவையான சத்துகள் எல்லாம் அளவாகச் சேர்த்த, கரைத்துக் குடிக்கும் பானங்களும் சூப்புகளும். ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி. இது மூன்று முதல் ஐந்து மாதம். சர்க்கரை மாத்திரைகளோடு ரத்த அழுத்த மாத்திரைகளும் முதல் நாளே நிறுத்தப்பட்டன. எடை வேகமாகக் குறையும்போது ரத்த அழுத்தமும் இறங்கும், மாத்திரையும் சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கிவிடும் என்பதால். பிறகு தேவைப்பட்டவர்களுக்கு அவை திரும்பக் கொடுக்கப்பட்டன. இந்தக் கட்டத்தில் கூடுதல் உடற்பயிற்சி எதுவும் சொல்லவில்லை, வழக்கமான நடமாட்டம் போதும் என்றார்கள்.

இரண்டாம் கட்டத்தில் இரண்டு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவு படிப்படியாகத் திரும்பியது. மூன்றாவது கட்டம் குறைந்த எடையைத் தக்கவைப்பது. அப்போதுதான் நடை எண்ணும் கருவியைக் கொடுத்து நடக்கச் சொன்னார்கள். மாதம் ஒரு சந்திப்பு. எடை மீண்டும் கூடினால் சில வாரம் பானத்துக்குத் திரும்ப ஏற்பாடு.

இதையெல்லாம் நடத்தியவர்கள் பெரிய நிபுணர்கள் அல்ல. அந்தந்த நிலையத்தின் செவிலியர்களும் உணவு ஆலோசகர்களும்தான், அதற்கெனக் குறுகிய பயிற்சி எடுத்துக்கொண்டவர்கள். ஆய்வின் முடிவைவிட இந்த ஒரு அம்சம்தான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

கிலோ கணக்கில் முடிவு

நோய்த்தணிவு என்று இங்கே சொல்வது, சர்க்கரை மாத்திரை அனைத்தையும் நிறுத்தி குறைந்தது இரண்டு மாதமான பிறகும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் வாயைக் கட்டி இதை ஏமாற்ற முடியாது.

இரு குழுக்களையும் சேர்த்து, ஒரு வருடத்தில் யாருக்கு எவ்வளவு எடை மாறியது என்று பிரித்துப் பார்த்தபோது தெரிந்த கணக்கு இது. எடை கூடிய 76 பேரில் ஒருவருக்குக்கூட நோய் தணியவில்லை. 5 கிலோவுக்குள் குறைந்த 89 பேரில் 6 பேருக்குத் தணிந்தது, அதாவது 7 சதவீதம். 5 முதல் 10 கிலோ குறைந்தவர்களில் 34 சதவீதம். 10 முதல் 15 கிலோ என்றால் 57 சதவீதம். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைந்த 36 பேரில் 31 பேருக்கு, அதாவது 86 சதவீதத்தினருக்கு நோய் தணிந்திருந்தது.

எடைக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு தெளிவாகப் படிப்படியாகக் காட்டிய எண்கள் குறைவு. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 15 கிலோ என்பது சுமார் 100 கிலோ எடையுள்ளவர்களின் கணக்கு. 65 கிலோ உள்ள ஒருவர் 15 கிலோவைக் குறிவைத்தால் அது ஆபத்து. கிலோவை விட்டுவிட்டு, தன் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்று எடுத்துக்கொள்வதே சரியான வாசிப்பு. பிஎம்ஐ ஏற்கனவே இயல்பில் இருப்பவர்களுக்கு அதைவிடவும் குறைவாகப் போதும். அதைப் பின்னால் பார்ப்போம்.

சர்க்கரை நோய் வருவதற்கு முன்கட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சிறிய குறைவே பெரிய பலன் தருகிறது. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடத்தி 2002இல் வெளியான தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்கு. சுமார் மூன்று வருடத்தில் புதிதாக நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த குழுவில் குறைந்தது 31 சதவீதம். பிறகு அதே தரவுகளை அலசியபோது குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து 16 சதவீதம் இறங்கியது தெரிந்தது. கதவுக்கு வெளியே நிற்கும்போது 5 கிலோ செய்வதை, உள்ளே வந்த பிறகு செய்ய 15 கிலோ தேவைப்படுகிறது.

15 கிலோ குறைந்தும் தணியாத ஐந்து பேர்

86 சதவீதத்தைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். மிச்சமுள்ள 14 சதவீதத்தைப் பற்றியும் பேச வேண்டும். 36 பேரில் 5 பேர் 15 கிலோவுக்கு மேல் குறைத்தும் பலன் காணவில்லை. அவர்கள் ஒழுங்காகச் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

டைரக்டில் பங்கெடுத்தவர்களில் ஒரு பகுதியினரை ஸ்கேன் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. நோய் தணிந்தவர்கள், தணியாதவர்கள் இருவருக்குமே எடை ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. கல்லீரல் கொழுப்பும் குறைந்திருந்தது. கணையக் கொழுப்பும் குறைந்திருந்தது. வித்தியாசம் ஒன்றில்தான்: தணிந்தவர்களின் பீட்டா செல்கள் விழித்துக்கொண்டன, தணியாதவர்களுடையவை விழிக்கவில்லை. நோய் தெரிந்து எவ்வளவு காலமாயிற்று என்று பார்த்தால், தணிந்தவர்களுக்குச் சராசரியாக 2.7 வருடம், தணியாதவர்களுக்கு 3.8 வருடம். 2016இல் வெளியான முந்தைய ஆய்வு ஒன்றிலும் இதே போக்கு தெரிந்திருந்தது. 30 பேரில் 12 பேருக்குச் சர்க்கரை அளவு நோயின் எல்லைக்குக் கீழே வந்தது. அவர்களில் பெரும்பாலோர் நோய் வந்து சில வருடமே ஆனவர்கள்.

பீட்டா செல்கள் செயலிழந்த நிலையில் காத்திருக்கும் காலத்துக்கு ஒரு முடிவு உண்டு என்பதைத்தான் இது காட்டுகிறது. இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு ஆதங்கம். நோய் புதிதாகத் தெரியவந்தவரிடம் "இப்போதைக்கு ஒரு மாத்திரை போடுங்கள், கொஞ்சம் நடங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது. எடை குறைப்பால் அதிகப் பலன் கிடைக்கும் வருடங்கள் அந்த முதல் சில வருடங்கள்தான். அந்த நேரத்தில்தான் விஷயத்தை முழுதாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதே சமயம், பத்துப் பதினைந்து வருடமாக நோய் உள்ளவருக்கு எடை குறைப்பதால் எதுவும் இல்லை என்று பொருளல்ல. மாத்திரையின் எண்ணிக்கை குறையும், இன்சுலின் அளவு குறையும், ரத்த அழுத்தம் இறங்கும். முழுத் தணிவு வராமல் போகலாம். அது அவருடைய கணையத்தின் வரலாறு, அவருடைய மன உறுதியின் அளவுகோல் அல்ல.

ஒல்லியானவருக்கு ஏன் வருகிறது

உடல் பருமனாக இருந்தும் பலருக்குச் சர்க்கரை நோய் வருவதே இல்லை. பிஎம்ஐ 23 அல்லது 24 உள்ள சிலருக்கு வருகிறது. எடைதான் காரணம் என்றால் இது எப்படி? எடைக்கும் சர்க்கரைக்கும் தொடர்பே இல்லை, எல்லாம் பரம்பரை என்று சொல்பவர்கள் காட்டும் உதாரணமும் இதுதான்.

டெய்லரும் ஆக்ஸ்ஃபோர்டின் ரூரி ஹோல்மனும் 2015இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் கொழுப்பைப் பாதுகாப்பாகச் சேர்த்து வைக்கத் தனித்தனி வரம்பு இருக்கிறது. ஒருவருக்கு அது பிஎம்ஐ 35இல் இருக்கலாம், இன்னொருவருக்கு 22இலேயே முடிந்துவிடலாம். அந்த வரம்பைத் தாண்டினால்தான் கல்லீரலிலும் கணையத்திலும் கொழுப்பு ஏறும். பரம்பரையின் பங்கு பெரியதுதான், ஆனால் அது எடையோடு போட்டி போடுவதில்லை. எந்த எடையில் கோடு விழுகிறது என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும்பங்கு.

இதைச் சோதிக்க ரீட்யூன் என்ற ஆய்வு நடந்தது, 2023இல் வெளியானது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ள, ஆனால் பிஎம்ஐ 27க்கு மேல் போகாத 20 பேர். படிப்படியாக எடையைக் குறைத்ததில் 14 பேருக்கு நோய் தணிந்தது. அதற்குத் தேவைப்பட்டது உடல் எடையில் சராசரியாக 6.5 சதவீதம்தான். பார்வைக்கு எடை அதிகம் இல்லாத இவர்களின் கல்லீரலில், நோயில்லாதவர்களைவிடக் கூடுதல் கொழுப்பு இருந்தது. எடை குறைந்ததும் அதுவும் குறைந்தது.

தெற்காசிய வம்சாவளியினருக்கு இந்த வரம்பு தாழ்வாக இருக்கிறது. இங்கிலாந்தின் மருத்துவப் பதிவேடுகளை வைத்து 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, வெள்ளையருக்கு பிஎம்ஐ 30இல் வரும் சர்க்கரை நோய் ஆபத்து தெற்காசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது என்று கணக்கிட்டது. எடை இயந்திரத்தில் எல்லாம் சரி என்று வந்தாலும் இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும், இருபது வயதில் இருந்த எடையோடு இப்போதைய எடையை ஒப்பிட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஐம்பது வயதில் 66 கிலோ என்பது தனியாகப் பார்த்தால் நல்ல எடை. இருபதில் 52 கிலோவாக இருந்தவர் என்றால், கூடிய அந்த 14 கிலோ எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

டைரக்டின் பெரிய குறையும் இதுதான். அதில் பங்கெடுத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். கத்தாரில் நடந்து 2020இல் வெளியான டயடெம் ஆய்வு அந்தக் குறையை ஓரளவு நிரப்பியது. மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த, 18 முதல் 50 வயதுக்குள், நோய் வந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகாதவர்கள். ஒரு வருடத்தில் சராசரியாக 12 கிலோ குறைந்தது, 61 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது. வழக்கமான சிகிச்சையில் 12 சதவீதம்.

இரண்டு வருடம், ஐந்து வருடம்

டைரக்டின் இரண்டாம் வருடக் கணக்கு 2019இல் வந்தது. 46 சதவீதம் 36 ஆகியிருந்தது. ஐந்தாம் வருடத்துக்குத் தொடர்ந்து வந்தவர்கள் 85 பேர். அவர்களில் 11 பேருக்கு, அதாவது 13 சதவீதத்தினருக்கு நோய் தணிந்த நிலை நீடித்தது. சராசரி எடைக் குறைவு 6.1 கிலோவில் நின்றது.

இந்த இறக்கத்தை மறைத்துவிட்டு முதல் வருட வெற்றியை மட்டும் சொல்வது நேர்மையல்ல. எடை திரும்பியது, எடையோடு சர்க்கரையும் திரும்பியது. ஸ்கேன்களில் அந்தப் பின்னோக்கிய பயணமும் வரிசை மாறாமல் தெரிந்தது: எடை கூடியவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு ஏறியது, கல்லீரல் அனுப்பும் டிரைகிளிசரைடு ஏறியது, கணையத்தில் கொழுப்பு திரும்பப் படிந்தது, பீட்டா செல்கள் மறுபடி சோர்ந்தன. எடைக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பைப் போகும்போதும் வரும்போதும் இரண்டு முறை நிரூபித்துவிட்டார்கள்.

எடை ஏன் திரும்புகிறது? எடை குறைந்த உடல் அந்தக் குறைவை ஏற்றுக்கொள்வதில்லை. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுகின்றன, வயிறு நிறைந்ததைச் சொல்பவை குறைகின்றன, ஓய்வில் செலவாகும் சக்தியும் குறைகிறது. இந்த மாற்றங்கள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். எடை திரும்பியவரைப் பார்த்து "கட்டுப்பாடு இல்லை" என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மைக் லீனும் டெய்லரும் முதல் மூன்று மாதத்துக்குத் துல்லியமான திட்டம் வைத்திருந்தார்கள், அது வேலை செய்தது. அடுத்த பத்து வருடத்துக்கான திட்டம்தான் யாரிடமும் உறுதியாக இல்லை. புதிய எடை குறைப்பு ஊசி மருந்துகள் இந்த இடத்தில் உதவக்கூடும். ஆனால் அவற்றை நிறுத்தினாலும் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்புகிறது என்பதையும் பார்த்துவிட்டோம்.

இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை இதே முறையை நாடளவில் கொண்டுவந்தது. 2024இல் வெளியான அதன் கணக்கில், ஒரு வருடத்தின் முடிவில் தேவையான பரிசோதனை விவரங்கள் முழுதாக இருந்த 710 பேரில் 190 பேருக்கு, அதாவது 27 சதவீதத்தினருக்கு நோய் தணிந்திருந்தது. ஆய்வில் கிடைத்த 46ஐவிட இது குறைவு. ஆனால் மாத்திரையால் மட்டும் கிடைக்காத ஒன்று நான்கில் ஒருவருக்கு மேல் கிடைத்திருக்கிறது.

ஐந்தாம் வருடக் கணக்கில் இன்னொரு செய்தி கவனிக்கப்படாமலே போனது. மருத்துவமனையில் சேரும்படியான கடுமையான உடல்நலப் பிரச்சினைகள், எடை குறைத்த குழுவில் மற்ற குழுவைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தன. இந்தக் குழுவில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தணிந்திருந்த அந்தச் சில வருடங்களே உடலுக்கு நல்லது செய்திருக்கின்றன என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன்

இதைப் படித்துவிட்டு நாளையே மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டைக் குறைக்கக் கிளம்பக் கூடாது. டைரக்டில் மாத்திரையை நிறுத்தியது மருத்துவக் கண்காணிப்பில். இன்சுலின் போடுகிறவரோ கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுக்கிறவரோ மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போய்விடும். எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் வகை மாத்திரைகளோடு மிகக் குறைந்த உணவு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம், அப்போது சர்க்கரை அதிகம் ஏறாமலே இருக்கக்கூடும் என்பதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், உணவுக் கோளாறு உள்ளவர்கள், டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த முறை பொருந்தாது. வேகமாக எடை குறைந்தால் பித்தப்பைக் கல் தொந்தரவும் வரலாம். டைரக்டில் ஒருவருக்குப் பித்தப்பை வலி வந்தது.

எடை குறைவது எப்போதும் நல்ல செய்தியும் அல்ல. முயற்சியே செய்யாமல் எடை இறங்கி, தாகமும் சிறுநீரும் கூடினால், உடலில் இன்சுலின் போதாமல் சர்க்கரை சிறுநீரில் வெளியேறுகிறது என்று பொருள். அது டைப் 1ஆக இருக்கலாம், கட்டுப்பாடு இழந்த டைப் 2ஆக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரையும் வந்து எடையும் இறங்கினால் கணையப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் தேவைப்படலாம். "எடை குறைந்திருக்கிறது, நல்லதுதானே" என்று இந்த அறிகுறிகளைத் தள்ளிப்போடக் கூடாது.

நோய் தணிந்தவர்களும் மருத்துவமனையை மறந்துவிட முடியாது. சர்வதேச நிபுணர் குழு 2021இல் வகுத்த விதிப்படி, மாத்திரை நிறுத்தி மூன்று மாதத்துக்குப் பிறகும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது நோய்த்தணிவு. அதற்குப் பிறகும் குறைந்தது வருடம் ஒருமுறை எச்பிஏ1சி பார்க்க வேண்டும். சர்க்கரை அதிகமாக இருந்த வருடங்களில் விழித்திரைக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்பட்ட பாதிப்பு, சர்க்கரை இறங்கிய பிறகும் தொடரலாம். அதனால் கண், சிறுநீரகம், பாதம் ஆகிய மூன்றுக்குமான வருடாந்திரப் பரிசோதனையை, எச்பிஏ1சி 5.8 என்று வந்த வருடத்திலும் விடாமல் செய்துகொள்ள வேண்டும்.